படியில் நிற்காதீர்

என் பேத்தி பிறந்து ஒன்றரை மாதம் ஆகியும் அவளுக்கும் எனக்கும் நடுவே பதினான்கு மாடி இருந்தது. அவள் மேலே, நான் கீழே. ஆஸ்பத்திரியில் தரைத்தளத்து வார்டில் ஒரே ஒரு நாள் பார்த்தேன். துணியில் சுற்றி வைத்திருந்ததால் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. நல்ல மூக்கு. ஆனால் ஒரு மூக்கை வைத்துக்கொண்டு எத்தனை நாள்தான் ஒரு தாத்தா காலம் தள்ளுவான்?

மகள் வீட்டுக் கட்டடத்தில் மேலே போக இரண்டு வழி. மாடிப்படிக்கு என் முட்டிகள் ஒத்துக்கொள்ளவில்லை. லிஃப்டுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

முட்டி டாக்டர் தடை போடுவதற்கு முன்னால் ஒருமுறை படியேறிப் பார்த்தேன். காலையில் சவரம் செய்துகொண்டு கிளம்பினேன். ஒன்பதாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாடி வளர்ந்திருந்தது. அந்த மாடியில் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டு வாசலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், மத்தியானம் சாப்பாடும் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் அந்த வீட்டு மாமியார் மருமகள் தகராறு ஒன்றில் நான் தீர்ப்பே சொல்லிவிட்டேன். பேத்தியை மட்டும் பார்க்கவில்லை.

சரி, லிஃப்டுக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். முப்பத்துநான்கு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன் நான். நான் "ரைட்" சொல்லாமல் எந்தச் சக்கரமும் அரை அங்குலம் உருண்டது கிடையாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் முதன்முதலாக ஒரு லிஃப்டுக்குள் போய் நின்றேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. டிரைவர் இல்லை. கண்டக்டர் இல்லை. யாரும் எதுவும் சொல்லவில்லை. பெட்டி பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. யார் சொல்லிக் கிளம்பியது? அதைக் கேட்க வாயெடுப்பதற்குள் என் கால் இரண்டும் ஈரத்துணி மாதிரி துவண்டுவிட்டன. இரண்டாவது மாடியில் கதவு திறந்ததும் தவழ்ந்தே வெளியே வந்தேன். அங்கே நின்றிருந்த ஒரு பெண்மணி எனக்கும் சேர்த்து அலறினாள்.

அதோடு முடிந்தது. பிறகு லிஃப்டைக் கண்டாலே, கடன்காரனைக் கண்டவன் மாதிரி எதிர்ப்பக்கம் பார்த்து நடப்பேன்.

இதெல்லாம் சம்பந்தி இல்லாவிட்டால் பெரிய விஷயமாகியிருக்காது. என் மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வு பெற்ற நில அளவையர். எதையும் அளந்துதான் பேசுவார், அளந்துதான் சாப்பிடுவார். அவர் தினமும் லிஃப்டில் ஜம்மென்று ஏறிப்போய்க் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்வார்.

"சம்பந்தி, இன்னிக்கு உதடு இடதுபக்கம் லேசா அசைஞ்சுது."

"அப்படியா."

"நேத்து அசைஞ்சதைவிட இன்னிக்கு அதிகம். இந்தக் கணக்குல போனா அடுத்த வார ஞாயித்துக்கிழமைக்குள்ள முதல் சிரிப்பு வந்துடும். நான் பக்கத்துலயே இருந்து பாத்துக்கறேன். நீங்க கவலைப்படாதீங்க."

கவலைப்படாதே என்று அவர் சொன்ன விதத்திலேயே எனக்கு வயிறு எரிந்தது. என் பேத்தியின் முதல் சிரிப்பை ஒரு அளவு நாடா தட்டிக்கொண்டு போகப் பார்க்கிறது.

மகளிடம் கெஞ்சினேன். "கொஞ்சம் கீழ கொண்டுவந்து காட்டும்மா."

"ஒருநாள் காட்டலாம்ப்பா. அதுக்கப்புறம்? ஸ்கூல் போற வரைக்கும் கார் நிறுத்தற இடத்துலதான் தாத்தாவைப் பாக்கணுமா அவ? அடுத்த வார ஞாயித்துக்கிழமை எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கறோம். நீங்க மேல வரணும்."

"தண்ணி மோட்டார் பக்கத்துல நின்னு எடுத்தா நல்லா வெளிச்சம் வரும்மா."

போனை என் மனைவி பிடுங்கிக்கொண்டாள். பிரசவத்துக்கு முன்னாலேயே மூட்டை முடிச்சோடு மேலே குடிபோனவள் அவள். "ஏங்க, பிள்ளை என்ன பார்சலா, கயித்துல கட்டி இறக்க? மனுஷனா லட்சணமா ஏறி வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இந்தத் துக்கத்தை நான் ஒருத்தனிடம்தான் சொல்ல முடியும். என் பஸ்ஸை ஓட்டிய டிரைவர். பேர் எல்லாருக்கும் மறந்துபோய் "சடன்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் போடுகிற பிரேக் அப்படி. பின்சீட்டில் ஏறியவர்கள் பலபேர் அவன் தயவில் முன்சீட்டில் இறங்கியிருக்கிறார்கள்.

"உனக்கு மருந்து இருக்குய்யா," என்றான் சடன். "கடைத்தெருவுல செருப்புக் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவுல ஒரு போர்டு பாத்தேன். அறிதுயில் சிகிச்சைன்னு போட்டிருக்கு."

"அப்படின்னா?"

"ஹிப்னாடிசம்தான்யா. கண்ணு முன்னால கடிகாரத்தை ஆட்டுவாங்க. நீ மயங்கிடுவே. அப்புறம் கோழி மாதிரி கூவச் சொன்னா கூவுவே. உன் ரகசியத்தையெல்லாம் கக்குவே. நானும் வரேன், தனியா போகாதே."

துணைக்கு வருகிறானா, வேடிக்கைக்கு வருகிறானா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பான்.

நல்லவேளை, அந்த இடம் தரைத்தளத்தில் இருந்தது. மாடியில் இருந்திருந்தால் வியாதி குணமான பிறகுதான் வைத்தியத்துக்கே போயிருக்க முடியும். உள்ளே சாம்பல் நிறத் திரைச்சீலை, மூலையில் பிரம்பு நாற்காலி, நடுவில் சாய்வு நாற்காலி ஒன்று. பல் டாக்டர் நாற்காலிக்கும் சலூன் நாற்காலிக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. பிரம்பு நாற்காலிக்கு இடதுபக்கம் சின்ன மேஜைமேல் கூழாங்கல் வைத்த குட்டி நீரூற்று ஒன்று, ஓயாமல் சளசளத்துக்கொண்டிருந்தது. சிகிச்சை செய்கிற மேடம் நடுவயசுக்காரர், குரல் மட்டும் இருபது வயசு.

நான் சட்டைப்பையிலிருந்து எங்கள் வீட்டுப் பழைய சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"இது எதுக்குங்க?"

"ஆட்டறதுக்கு. உங்ககிட்ட இல்லாம போயிட்டா என்ன பண்றதுன்னு கையோட கொண்டுவந்தேன்."

மேடம் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது ஓடலையே."

"ஆட்டினா ஓடும்."

முதல் நாள் பேச்சு மட்டும்தான். வலிப்பு வந்ததுண்டா, மனசுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா, ராத்திரி தூக்கம் எப்படி, லிஃப்ட் பயம் எப்போது தொடங்கியது, என்ன ஆனால் குணமாகிவிட்டது என்று நான் ஒத்துக்கொள்வேன் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு, "பேத்தி என்னைப் பார்த்துச் சிரிக்கணும், சம்பந்தி அதைப் பார்க்கணும்" என்றேன். "சிரிக்கறது பேத்தி கையில இருக்கு. நாம லிஃப்டை மட்டும் பாப்போம்" என்றார்.

பிறகு விளக்கினார். "நீங்க மயங்க மாட்டீங்க. நான் பேசறது, தெருவுல வண்டி போறது எல்லாம் உங்களுக்குக் கேக்கும். உடம்பு தளர்ந்து, மனசு ஒரே இடத்துல குவிஞ்சு நிக்கும், அவ்வளவுதான். பிடிக்கலேன்னா கண்ணைத் திறந்து எழுந்துக்கலாம். நீங்க விரும்பாததை நான் செய்ய வைக்க முடியாது."

மூலையிலிருந்து சடன் கேட்டான். "கோழி மாதிரி கூவ வைக்க முடியாதா?"

"முடியாதுங்க."

"நான் அதுக்குத்தான் வந்தேன்."

"ரகசியமெல்லாம் வெளிய வந்துடுமா மேடம்?" என்று நான் கேட்டேன்.

"நீங்களா சொல்ல நினைச்சாத்தான் வரும்."

"இவன்கிட்ட ரகசியம்னு ஒண்ணு கிடையாது மேடம்," என்றான் சடன். "எதைச் சொன்னாலும் பின்சீட்டு வரைக்கும் கேக்கற மாதிரிதான் சொல்லுவான்."

"ஒரே தடவைல சரியாயிடுமா?"

"அப்படி வாக்கு குடுக்கறவங்ககிட்ட போகாதீங்க. மூணு நாலு தடவை பாக்கலாம். வீட்லயும் பழகணும்."

"முட்டிக்கு?"

"முட்டிக்கு முட்டி டாக்டர்தான்."

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கண் மூடியிருக்கும், காது திறந்திருக்கும், கூப்பிட்டால் பதில் வராது, ஆனால் தன் ஸ்டாப் வந்ததும் டக்கென்று எழுந்துவிடும். இந்தக் கலையை என் பஸ்ஸில் தினமும் பார்த்திருக்கிறேனே. டிக்கெட் எடுக்காமல் ஜன்னலோரம் தூங்குகிறவர்கள் அத்தனை பேரும் அறிதுயில் பண்டிதர்கள். மேடத்திடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதைவிட நல்லா என்னாலயே சொல்ல முடியாது. டிக்கெட் விஷயம் மட்டும் வேற" என்றார்.

அடுத்த முறை போனபோது உண்மையான சிகிச்சை. சாய்வு நாற்காலியில் என்னைச் சாய்த்து, மெல்லிய போர்வை ஒன்றைப் போர்த்தினார். வாயைத் திறக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு சடனைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"மேல அந்தக் கரும்புள்ளியைப் பாருங்க."

"அது பல்லி மேடம்."

"அதுக்குப் பக்கத்துல."

"இப்ப அங்கதான் போகுது."

"சரி, கண்ணையே மூடிக்குங்க."

மூடினேன். மூச்சை இழுத்து, நிறுத்தி, மெதுவாக விடச் சொன்னார். நெற்றி தளருது, தாடை தளருது, தோள் தளருது என்று ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். என் தோளில் டிக்கெட் பை தொங்குகிற மாதிரி ஒரு கனம் எப்போதும் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. யாரோ அதைக் கழற்றி ஆணியில் மாட்டியதுபோல் இருந்தது. சுகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப உங்க முன்னால ஒரு அழகான படிக்கட்டு," என்றார் மேடம், தேனில் முக்கிய குரலில். "முதல் படியில கால் வைக்கறீங்க. அவசரம் ஒண்ணும் இல்ல. அந்தப் படியிலயே கொஞ்ச நேரம் நில்லுங்க..."

"படியில நிக்காதே. உள்ள ஏறு, உள்ள ஏறு. உள்ளதான் அவ்வளவு இடம் இருக்கே."

சத்தியமாக நான் சொல்லவில்லை. என் தொண்டை சொன்னது. முப்பத்துநான்கு வருட வேகத்தில் சொன்னது. செருப்புக் கடையில் செருப்பு போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கடைக்குள் தள்ளி நின்றார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

 மேடம் பழைய குரலைத் தேடி எடுத்துக்கொண்டு, "பரவால்ல. மறுபடியும் மூச்சை இழுங்க. படிக்கட்டு. இந்தத் தடவை நிக்க வேண்டாம். மெதுவா கீழ இறங்கறீங்க..."

"வண்டி நிக்கட்டும்யா. நின்னதும் இறங்கு. காலை ஒடிச்சுக்கிட்டு என் பேரைச் சொல்லுவே."

கண்ணைத் திறந்து பார்த்தேன். மேடம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன்.

"இருபது வருஷமா," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரையும் படிக்கட்டு வெச்சுத்தான் அறிதுயில்ல இறக்கியிருக்கேன். படி பிடிக்காதவங்களை லிஃப்ட் வெச்சு இறக்குவேன். உங்களுக்கு அதுவும் ஆகாது. நான் என்னதான் பண்றது?"

"எனக்குப் பஸ் ஆகும் மேடம்."

அவர் என்னையே பார்த்தார். "ஆமா. பஸ் ஆகும் இல்ல?"

மறுபடியும் கண்ணை மூடினேன். இந்த முறை என்னை என் வண்டியிலேயே ஏற்றினார். கடைசி ட்ரிப், கூட்டம் நிறைய, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் சிலபேர் இறங்குகிறார்கள், இறங்க இறங்க வண்டிக்குள் அமைதி கூடுகிறது. மனுஷி எப்போது என் பஸ்ஸில் வந்தாரோ தெரியாது, அவ்வளவு சரியாகச் சொன்னார். முதலில் பள்ளிப் பிள்ளைகள் இறங்கினார்கள், பாதிச் சத்தம் போயிற்று. பிறகு சில்லறைக்குச் சண்டை போட்டவர் இறங்கினார், மீதிப் பாதியும் போயிற்று. நீரூற்றின் சளசளப்பு கூரைமேல் விழுகிற தூறலாகிவிட்டது. கை கால் எல்லாம் இருந்தன, ஆனால் யாரோ பத்திரமாக வைத்திருக்கிற சாமான்கள் மாதிரி தூரத்தில் இருந்தன. தெருவில் ஒருவர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்ததும் கேட்டது. எனக்குத்தான் அவருக்கு யோசனை சொல்லத் தோன்றவில்லை. வாழ்க்கையில் அதுவே முதல் முறை. இந்த ஒரு பலனுக்காகவே என் மனைவி என்னை வாரம் ஒருமுறை இங்கே அனுப்புவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"இப்ப வண்டி காலி," என்றது குரல். "நீங்க மட்டும். வண்டி மெதுவா சின்னதாகுது. சீட்டு இல்ல, ஜன்னல் இல்ல. நின்னுக்கிட்டே போற வண்டி. ரோட்ல போகல, மேல போகப் போகுது. கதவு சாத்துது. யார் ரைட் சொல்லணும்?"

"நான்," என்றேன். என் குரல் எங்கோ டிப்போவிலிருந்து வந்தது. "ஆனா பயமும் கூட ஏறுது மேடம்."

"ஏறட்டும். அதுவும் ஒரு பயணிதான். ஒரு ஓரமா நிக்கச் சொல்லுங்க. டிரைவர் சீட்ல மட்டும் உக்கார விடாதீங்க. ஆயிடுச்சா? இப்ப நீங்க சொன்னாத்தான் வண்டி கிளம்பும். உங்களுக்குத் தோணும்போது சொல்லுங்க."

நான் பார்த்தேன். பயம் ஓரமாக நின்றது. ஒல்லியாக, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, என் சம்பந்தியின் சாயலில் இருந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன்.

"போலாம், ரைட்."

அடுத்த நொடி மூலையில் டம்மென்று சத்தம். கண்ணைத் திறக்கலாம் என்றுதான் சொல்லியிருந்தாரே, திறந்தேன்.

சடன் பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் மூடியிருந்தன. கோழி கூவுவதைப் பார்க்க வந்தவன் எனக்கு முன்னாலேயே, எங்கேயோ தாடை தளர்ந்த இடத்திலேயே, உள்ளே போய்விட்டிருக்கிறான். என் ரைட்டைக் கேட்டதும் இடதுகால் கிளட்சை அமுக்கியது. இடதுகை கியரைத் தள்ளியது. அங்கே கியர் இல்லை, நீரூற்று இருந்தது. கூழாங்கல் நாலாபக்கமும் ஓட, தண்ணீர் பூராவும் அவன் முகத்திலும் மடியிலும் கொட்டியது.

"மழை வருது," என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிவிட்டு வைப்பரைப் போட்டான்.

மேடம் நீரூற்றின் மின்வயரைப் பிடுங்கிவிட்டு, அவன் பக்கத்தில் குனிந்து பதற்றமில்லாமல் பேசினார். "அஞ்சுவரைக்கும் எண்ணுவேன். அஞ்சுன்னதும் தெளிவா கண்ணைத் திறப்பீங்க." எண்ணினார். நான் ஏற்கெனவே விழித்திருந்தும் ஒரு மரியாதைக்கு இன்னொரு தடவை விழித்தேன். சடன் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தான்.

"இவனுக்கு என்ன ஆச்சு மேடம்?"

"ஒண்ணும் ஆகல. சிலபேருக்கு உள்ள சுகமா இருக்கும், வர மனசு வராது. கொஞ்ச நேரத்துல தானா வந்துடுவார்."

சுகமாகத்தான் இருந்தான். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவன் முகத்தில் அப்படி ஒரு களையை நான் பார்க்கவில்லை. எதிரே வந்த ஒரு மாட்டுக்கு வழிகூட விட்டான். ஆனால் எனக்குத் தெரியும், அவன் தானாக வரமாட்டான். இத்தனை வருடத்தில் நான் சொல்லாமல் அவன் கிளம்பியதும் இல்லை, சொல்லாமல் நிறுத்தியதும் இல்லை. போட்ட சடன் பிரேக்கெல்லாம், நான் லேட்டாகச் சொன்னதால் போட்டது. அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

"டிப்போ வந்தாச்சு," என்றேன் வழக்கமான குரலில். "நிறுத்து."

நிறுத்தினான். சாய்வு நாற்காலியில் இருந்த நானே முன்னால் போய் வந்தேன், அப்படி ஒரு பிரேக். கைபிரேக்கை இழுத்தான், சாவியைத் திருகினான், வலதுபக்கக் கதவைத் திறந்து கீழே குதித்தான். தரையில் கால் பட்டதும் கண்ணைத் திறந்து தன் பேண்ட்டைப் பார்த்தான்.

"யாருய்யா என் மேல தண்ணி ஊத்தினது?"

இன்றுவரை அவன் ஒத்துக்கொள்வதில்லை. "லேசா கண்ணசந்தேன். அவ்வளவுதான்" என்பான். போன வாரம்கூட மேடத்திடம் தனக்கு ஏதாவது வியாதி இருக்குமா என்று விசாரித்துவிட்டு வந்திருக்கிறான்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் பழகினேன். எங்கள் வீட்டில் லிஃப்ட் இல்லாததால் பீரோவைக் காலி செய்துகொண்டேன். உள்ளே போய் நின்று, கதவைச் சாத்தி, மூச்சு விட்டு, ரைட் சொல்வேன். ஒருநாள் உள்ளே இருக்கும்போது மனைவி போன் செய்தாள்.

"குரல் ஏன் பெட்டிக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு? எங்க இருக்கீங்க?"

"பீரோவுக்குள்ள. ட்ரிப் அடிச்சிட்டு இருக்கேன்."

"என் துணியெல்லாம்?"

"இறக்கி விட்டுட்டேன். கடைசி ஸ்டாப்."

 "சீக்கிரம் மேல வாங்க," என்றாள், இந்தத் தடவை வேறு மாதிரி குரலில்.

மேடத்திடம் இன்னும் இரண்டு தடவை போனேன். கடைசித் தடவை அவரே எங்களைப் பக்கத்துத் துணிக்கடைக்கு அழைத்துப்போய், கதவு திறந்தபடியே நின்ற லிஃப்டுக்குள் என்னை நிற்க வைத்தார். நின்றேன். கதவு மூடுவதற்குள் வெளியே வந்துவிட்டேன். "இன்னிக்கு இது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டுக் கட்டடத்து வாசலில் நானும் சடனும் போய் இறங்கியபோது சம்பந்தி முக்காலியும் கேமராவுமாக லிஃப்டுக்கு முன்னால் நின்றிருந்தார்.

"வாங்க சம்பந்தி. படியா, லிஃப்டா?"

"லிஃப்ட்தான்."

"நல்லது. நேத்து சாயங்காலம் ரெண்டு பக்க உதடும் அசைஞ்சுது. இன்னிக்கு நிச்சயம்." கதவு திறந்தது. ஒரு சர்வே கல்லைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "பயமா இருந்தா சொல்லுங்க. போட்டோல உங்களை அப்புறம் ஒட்டிக்கலாம்."

உள்ளே போனேன். சடன் என் பக்கத்தில் நின்றான். சம்பந்தி பதினான்கை அமுக்கினார். கதவு சாத்தியது.

பயம் ஏறிவிட்டது. ஓரமாக நிற்கச் சொன்னேன், நிற்கவில்லை. முட்டி இரண்டும் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. பீரோவுக்குள் வந்த மூச்சு இங்கே வரவில்லை. சொல்ல வேண்டிய சொல் எது என்றே மறந்துபோயிற்று. கதவு சாத்தியதற்கும் பெட்டி கிளம்புவதற்கும் நடுவே ஒரே ஒரு நொடிதான் இருக்கும் என்பார்கள். எனக்கு அந்த நொடியில் ஒரு தீபாவளி போய் அடுத்த தீபாவளியே வந்துவிட்டது. அப்படியே கதவைத் தட்டி இறங்கியிருப்பேன். தரையைப் பார்த்தேன்.

சடனின் இடதுகால் லேசாக முன்னால் வந்து, தரையை அமுக்கிக்கொண்டு நின்றது. கிளட்ச். நேரே எதிரே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்காகக் காத்திருந்தான்.

டிரைவர் தயாராக இருக்கும்போது கண்டக்டர் சும்மா நிற்பதா?

"போலாம், ரைட்."

பெட்டி கிளம்பியது. நான் சொன்னேன், அது கிளம்பியது. தற்செயல் என்று சொல்கிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

ஆறாவது மாடியில் நின்றது. துணிக்கூடையோடு ஒரு அம்மாவும், நாயோடு ஒரு பெரியவரும். அவ்வளவுதான், எனக்குள் இருந்தவன் முழுசாக எழுந்துவிட்டான். "வாங்க வாங்க, உள்ள தள்ளி நில்லுங்க. சம்பந்தி, முக்காலியை மடக்குங்க, நாய்க்கு இடம் விடுங்க. நீங்க எங்க இறங்கணும்மா? பதினேழா? ஐயா? பத்தா? பத்து, பதினாலு, பதினேழு. ரைட்." பத்தில் பெரியவரை இறக்கினேன், நாய் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போயிற்று. முட்டி நடுங்குகிறதா என்று பார்க்க நினைத்தேன். அதைப் பார்க்க நேரமே கிடைக்கவில்லை.

பதினான்கு. கதவு திறந்தது. எதிரே மாப்பிள்ளை, மனைவி, மகள், மகள் தோளில் ஒரு சின்னத் தலை. சம்பந்தியும் சடனும் இறங்கினார்கள். நான் கூடைக்கார அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கடைசிப் பயணி இறங்காமல் கண்டக்டர் எப்படி இறங்குவது?

"ஏங்க?" என்றாள் மனைவி. கதவு சாத்தியது.

பதினேழில் அந்த அம்மாவை இறக்கினேன். அதற்குள் கீழே யாரோ அழைத்துவிட்டார்கள். தரைத்தளத்தில் நாலு பேர். மறுபடியும் பதினான்கில் நின்றபோது மகள் "அப்பா" என்றாள். "ரெண்டு பதினாறு, ஒரு பன்னண்டு பாக்கி இருக்கும்மா" என்றேன். பேச்சு மும்முரத்தில் பன்னிரண்டை அமுக்க மறந்து தாண்டி வந்துவிட்டிருந்தோம். கதவு சாத்தியது.

மூன்றாவது முறை திறந்தபோது என் மனைவி கதவுக்கு நடுவில் நின்றுகொண்டாள். "இறங்கறீங்களா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறீங்களா?"

"நீங்கள்ளாம் உள்ள வாங்களேன்," என்றேன். "போட்டோவை இங்கயே எடுத்துடலாம். நல்ல வெளிச்சம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். லிஃப்டுக்குள் சாய்ந்து நின்று, காலோடு கால் பின்னிக்கொண்டு அழைக்கிற என்னை அவள் அதுவரை பார்த்ததில்லை. முதலில் அவள்தான் ஏறினாள். பிறகு மாப்பிள்ளை, குழந்தையோடு மகள், சடன். சம்பந்தி முனகிக்கொண்டே முக்காலியை வெளியே நடைபாதையில் நிறுத்தி, தூரம் அளந்து, கேமராவில் நேரத்தை வைத்துவிட்டு ஓடிவந்து கடைசி ஆளாக ஏறினார்.

"உள்ள தள்ளி நில்லுங்க சம்பந்தி. படியில நிக்காதீங்க."

மகள் குழந்தையை என் கையில் கொடுத்தாள். மூக்கைத் தவிர மற்றதெல்லாம் அன்றுதான் பார்த்தேன். புருவம் இருந்தது. கன்னம் இருந்தது. என் மாமியாரின் முறைப்பு இருந்தது. இது யார் புதுசு என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி காத்திருந்தோம். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்மினுக்கென்றது.

கதவு சாத்த ஆரம்பித்தது. யாரோ எங்கோ பொத்தானை அமுக்கிவிட்டார்கள். ஆறு பேர் கூட்டத்தில் யாராலும் கை தூக்க முடியவில்லை. நான் பழக்கத்தில் அவள் காதுக்குப் பக்கத்தில் மெதுவாகச் சொன்னேன். "ரைட்."

என் பேத்தி சிரித்தாள். உதடு அசைகிற சிரிப்பில்லை. பல்லில்லாத வாய் முழுக்க, கண் முழுக்க, கால் இரண்டையும் உதைத்துக்கொண்டு ஒரு சிரிப்பு. சரியாக அந்த நொடியில் சாத்திய கதவுக்கு உள்ளே.

அந்தப் போட்டோ எங்கள் வீட்டில் மாட்டியிருக்கிறது. மூடிய லிஃப்ட் கதவு, நடுவில் ஒரு கோடு, மேலே பதினான்கு என்று சிவப்பு எழுத்து. வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். எங்கள் குடும்பப் படம் என்பேன். குழந்தை முதன்முதலாகச் சிரித்த நேரம் என்று விளக்குவேன்.

சம்பந்தி பக்கத்தில் இருந்தால் தொண்டையைச் செருமுவார். "அது வாயு," என்பார். "நான் பக்கத்துலதான் இருந்தேன்."